வாசகர் கேள்வி – பதில்: காப்பகத்திலிருந்து குடும்பத்துக்கு

பெற்றோரோ உறவினரோ இருந்தும், வறுமை காரணமாகக் காப்பகங்களில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்து, அங்கேயே அவர்களுக்கு உதவி செய்யும் அரசின் சீர்திருத்தம் பற்றி அண்மையில் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் நலன் கருதிப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் இறந்த பிறகு சென்னையில் கட்டட வேலைக்குப் போய்வருகிறேன். ஒன்பது வயது மகளும் பன்னிரண்டு வயது மகனும் ஓர் அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில் தங்கிப் படிக்கிறார்கள். வரும் கல்வியாண்டில் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துக்கொள்ள வேண்டும், அரசு உத்தரவு என்று இல்லத்தில் சொல்கிறார்கள். வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுப்பு எரியாது. நான் என்ன தவறு செய்தேன்?
– ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, அம்மா. பிள்ளைகள் பட்டினி கிடக்கக்கூடாது, படிப்பு நிற்கக்கூடாது என்று நினைத்துத்தான் அவர்களை அங்கே சேர்த்தீர்கள். அப்போது உங்களுக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். இப்போது வேறொரு கதவையும் திறந்து வைக்க வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. அந்தக் கதவு திறக்கும்வரை இந்தக் கதவை உங்கள் முகத்தில் சாத்த யாருக்கும் உரிமை இல்லை என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஒரு குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது மற்ற வழிகளை எல்லாம் பார்த்த பிறகு எடுக்க வேண்டிய கடைசி நடவடிக்கை என்கிறது. குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பும் உரிமையும் குடும்பத்துக்கே உரியவை என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஆகவே, தாய் உயிரோடு இருந்து, வருமானம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை பிரிந்திருந்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது அந்த வருமானக் குறையைத்தான்.

உங்கள் பிள்ளைகளை அனுப்பும் முடிவை இல்லத்து நிர்வாகி தாமாக எடுக்க முடியாது. அந்த அதிகாரம் உங்கள் மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவிடம் இருக்கிறது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு நீதித்துறை நடுவருக்கு உரிய அதிகாரங்கள் உண்டு. மாதத்தில் குறைந்தது இருபது நாட்கள் அது கூட வேண்டும். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் முன், வீட்டு நிலைமை பற்றிய சமூக விசாரணை அறிக்கையைக் குழு பெற்றுப் பார்க்க வேண்டும், உங்கள் பிள்ளைகளிடமும் பேச வேண்டும். விசாரணைக்கு அழைத்தால் தவறாமல் போங்கள். அழைக்காவிட்டாலும் நீங்களே போய், உங்கள் நிலைமையைக் கைப்பட எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். குழந்தைகள் பாதுகாப்புக்காக ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் செலவை ஏற்கும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வழங்க வழி உண்டு. முன்பு 2,000 ரூபாயாக இருந்த தொகை இது. கணவரை இழந்தவர், கணவரால் கைவிடப்பட்டவர், தீராத நோயுற்றவர் ஆகியோரின் பிள்ளைகளும், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளும் இதற்குத் தகுதி உடையவர்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியே விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் தர வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அங்கே 'பாதுகாப்பு அலுவலர், நிறுவனம் சாரா பராமரிப்பு' என்ற பொறுப்பில் இருப்பவரைக் கேளுங்கள், இந்த வேலை அவருடையதுதான். கணவரின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, குடும்ப அட்டை, உங்களுடையதும் பிள்ளைகளுடையதுமான ஆதார் அட்டைகள், பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பணம் வங்கிக் கணக்கில்தான் வரும் என்பதால், ஆதார் இணைப்பும் கைபேசி எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று வங்கியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூடப் பணம் மாதக் கணக்கில் தேங்கிவிடும்.

பிறகு உங்கள் வீட்டுக்கு ஒரு சமூகப் பணியாளர் வருவார். அவரைக் கண்டு அஞ்ச வேண்டாம். வீட்டில் அரிசியும் குடிநீரும் இருக்கின்றனவா, பெண் குழந்தை எங்கே படுக்கிறாள், கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும், நீங்கள் வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் யார் பொறுப்பில் இருக்கிறார்கள், பக்கத்தில் குடிப்பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்பார். நிலைமையை மறைத்துப் பேசாதீர்கள். தாழ்ப்பாள் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். என்ன குறை என்று அறிக்கையில் பதிவானால்தான் அதற்கு உரிய உதவியைக் கேட்க முடியும்.

நிதி ஆதரவோடு நின்றுவிட வேண்டாம். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதை நீங்கள் இதுவரை பெறவில்லை என்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். கட்டட வேலை செய்பவர் என்பதால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உங்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள். வாரிய உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தால் காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் பள்ளியிலேயே கிடைக்கும். மகனுக்கு மதிய உணவு மட்டும் உண்டு.

மாலை நான்கு மணியிலிருந்து நீங்கள் திரும்பும்வரை பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பதே உங்கள் கவலையின் மையம் என்று கடிதத்திலிருந்து புரிகிறது. பணத்தால் மட்டும் தீராத சிக்கல் அது. உங்கள் தாயோ நாத்தனாரோ அக்கம்பக்கத்தில் இருந்தால், அவரை உடன் அழைத்துச் சென்று குழுவின் முன் சொல்லச் செய்யுங்கள். யாருமே இல்லையென்றால், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் நடத்தும் விடுதிகளைப் பற்றி விசாரியுங்கள். 2025 ஜூலையில் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்டது. உண்டு உறைந்து படிக்கும் இந்த விடுதியில் சேரும் பிள்ளையை யாரும் ஆதரவற்ற குழந்தையாகப் பதிவு செய்வதில்லை. விடுமுறைக்கு உங்களிடம் வந்துபோகலாம். ஆனால் விடுதியில் சேர்ந்தால் நிதி ஆதரவு தொடருமா என்பதை அலுவலரிடம் கேட்டுத் தெளிந்த பிறகு முடிவெடுங்கள்.

ஏற்பாடுகள் எதுவும் செய்யாமல் பிள்ளைகளை அனுப்பினால், குழுவின் உத்தரவை எதிர்த்து முப்பது நாட்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நிதி ஆதரவு மறுக்கப்பட்டால் முறையீடு மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். கட்டணமில்லாச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் ஊர்க் காப்பகத்தில் படித்த பிள்ளைகள் பலர் இன்று செவிலியர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். சோறும் கல்வியும் கொடுத்த இடங்களை மூடி, பிள்ளைகளைக் குடிசைக்குத் திருப்பி அனுப்புவதைச் சீர்திருத்தம் என்று எப்படிச் சொல்வது?
– ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் ஊர் இல்லம் செய்த நன்மையை நான் மறுக்க மாட்டேன், ஐயா. இந்தியாவிலேயே முதன்முதலில் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை. அது நடந்தது 1920இல். அதற்குப் பின் வந்த தலைமுறைகளில் அரசு எட்டிப் பார்க்காத ஊர்களில் பிள்ளைகளுக்குக் கூரையும் கஞ்சியும் கொடுத்தவை சமய அமைப்புகளும் அறக்கட்டளைகளும்தான். 2004 ஆழிப்பேரலையில் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அரசே இல்லங்கள் திறந்தது. அப்படிப்பட்ட நேரங்களில் இல்லம் வேண்டும், நாளைக்கும் வேண்டும்.

ஆனால் இன்னொரு வரலாறும் நம் மாநிலத்திலிருந்துதான் தொடங்குகிறது. 2007இல் மாமல்லபுரம் பகுதிக் காப்பகங்களில் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதாக நாளிதழ் ஒன்றில் செய்தி வந்தது. உச்ச நீதிமன்றம் அதை வழக்காக எடுத்துக்கொண்டது. 'தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுதல்' என்றே அந்த வழக்குக்குப் பெயர். பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2017 மே மாதத்தில், நீதிபதி மதன் லோகூர் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. குழந்தைகள் இல்லங்கள் அனைத்தும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் வகுக்கப்பட வேண்டும், இல்லத்துக்கு மாற்றான வழிகளை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்பவை அதன் முக்கியமான கட்டளைகள். நாடு முழுவதும் இன்று நடக்கும் மாற்றத்துக்கு அந்தத் தீர்ப்பு பெரும் உந்துதல் தந்தது.

நல்ல இல்லம், கெட்ட இல்லம் என்று பிரித்துப் பார்த்தால் சிக்கல் தீராது என்பது என் கருத்து. மிக நல்ல இல்லத்திலும் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், இரவு பத்து மணிக்கு நெற்றியில் கை வைத்துப் பார்த்தவர் காலை ஆறு மணிக்குப் பணி மாறிப் போய்விடுவார். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு, காப்பகத்தில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. குடும்பத்துக்குப் போன குழந்தைகள், அதிலும் ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். சோற்றையும் படிப்பையும் நிறுவனத்தால் தர முடியும். எனக்கென்று ஒருவர் இருக்கிறார் என்ற உறுதியைத் தருவது அதற்கு மிகவும் கடினம்.

'வறுமை மட்டுமே ஒரு குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதற்குக் காரணமாகக்கூடாது' என்பது ஐக்கிய நாடுகள் அவை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளின் அடிப்படை. நம் நிலைமையோ நெடுங்காலம் தலைகீழாக இருந்தது. பிள்ளையைத் தாயிடம் விட்டு, அவள் கையில் மாதம் சில ஆயிரம் கொடுக்க வழியில்லை என்றோம். அதே பிள்ளையை நூறு கிலோமீட்டர் தள்ளி வைத்து, கட்டடத்துக்கும் சமையலுக்கும் காவலுக்கும் செலவழிக்க மட்டும் பணம் இருந்தது.

நீங்கள் அஞ்சுவதற்கும் நியாயம் இருக்கிறது. 2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. நாட்டின் இல்லங்களில் அப்போது இருந்த ஏறத்தாழ 2.56 இலட்சம் குழந்தைகளில் 1.84 இலட்சம் பேர் இந்த எட்டு மாநிலங்களில் இருந்தார்கள். அவர்களை நூறு நாட்களுக்குள் குடும்பத்தோடு சேர்க்க வழி செய்யுங்கள் என்றது அந்தக் கடிதம். பெருந்தொற்றுக் காலம் அது. தந்தைக்கு வேலை இல்லை, பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தது, வீட்டுக்கு வீடு சென்று விசாரிக்க அலுவலர்களால் இயலவில்லை. சரியான நோக்கத்துக்குத் தவறான கெடு அது என்று அன்றே குழந்தை நல அமைப்புகள் பல எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த எதிர்ப்பு சரியானது என்றே நானும் நினைக்கிறேன். பிள்ளையைத் திருப்பி அனுப்பிய எண்ணிக்கையை வைத்து ஒரு மாவட்டத்தை மதிப்பிடக்கூடாது. அனுப்பிய பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் பள்ளியில் இருக்கிறார்கள், எத்தனை பெண் குழந்தைகளுக்கு இடையில் திருமணம் நடந்தது, எத்தனை பேர் வேலைக்குப் போய்விட்டார்கள் என்ற கணக்கைத்தான் ஆட்சியர் கேட்க வேண்டும்.

உங்கள் ஊர் இல்லம் மூடப்பட வேண்டியதில்லை. அதே வளாகத்தில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தலாம், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பகல்நேரப் பராமரிப்பு தரலாம், திரும்பிப் போன பிள்ளைகளை மாதம் ஒருமுறை வீட்டில் சென்று பார்த்துவர ஆள் அனுப்பலாம். உங்களைப் போன்ற தலைமையாசிரியர் ஒருவர் அதற்கு முன்னின்றால் நிர்வாகம் கேட்கும்.

கேள்வி: என் மகளும் மருமகனும் விபத்தில் இறந்துவிட்டார்கள். ஏழு வயதுப் பேத்தி என்னிடம் வளர்கிறாள். எனக்கு முதியோர் ஓய்வூதியம் மட்டும்தான் வருகிறது. பாட்டி வளர்த்தால் உதவி கிடையாது, இல்லத்தில் சேர்த்தால்தான் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
– ஒரு பாட்டி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: உண்மை இல்லை, அம்மா. பேத்தியை எங்கும் அனுப்ப வேண்டாம். மேலே சொன்ன நிதி ஆதரவுக்கு அவள் தகுதி உடையவள். பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளைத் திட்ட விதிகள் வெளிப்படையாகவே குறிப்பிடுகின்றன. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டமும், இரு பெற்றோரையும் இழந்த வறிய குழந்தைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்குவதற்காக வந்தது. இரண்டில் எது பேத்திக்குப் பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டு அதற்கு விண்ணப்பியுங்கள்.

வங்கிக் கணக்கையும் பள்ளிச் சேர்க்கையையும் காட்டிலும் நீங்கள் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெற்றோர் இருவரின் இறப்புச் சான்றுகளையும் வாரிசுச் சான்றையும் உடனே வாங்கி வையுங்கள். விபத்து என்பதால் மோட்டார் வாகன விபத்து இழப்பீடு வரக்கூடும். சிறுமியின் பங்கை நீதிமன்றம் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட ஆணையிடும். இடைத்தரகர் யாரிடமும் கையெழுத்திட்ட வெள்ளைத் தாளைக் கொடுக்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சென்றால் வழக்கறிஞரைக் கட்டணம் இல்லாமல் அமர்த்தித் தருவார்கள்.

கேள்வி: ஒரு மாவட்டத்தில் புறத்தொடர்புப் பணியாளராக ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்கிறேன். வீடு வீடாகப் போகச் சொல்கிறார்கள். போவதற்கு வண்டி இல்லை, இருக்கும் ஆட்கள் போதவில்லை. குடும்பத்துக்குத் திரும்பிய குழந்தையை ஆறு மாதம் கழித்துப் பார்க்கப் போனால், குடும்பமே செங்கல் சூளைக்குப் போய்விட்டிருக்கிறது. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே?
– ஓர் ஊழியர்

பதில்: எழுதியே ஆக வேண்டிய செய்தி இது. இந்தச் சீர்திருத்தம் நிற்பதும் விழுவதும் உங்களைப் போன்றவர்கள் வீடு வீடாக நடப்பதில்தான் இருக்கிறது.

ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வகுக்கப்பட்ட களப் பணியிடங்களைப் பாருங்கள். இரண்டு சமூகப் பணியாளர்கள், இரண்டு புறத்தொடர்புப் பணியாளர்கள், மன ஆறுதலும் ஆலோசனையும் தரும் ஆற்றுப்படுத்துநர் ஒருவர். பல இலட்சம் மக்கள் வாழும் மாவட்டம் முழுவதற்கும் இவ்வளவுதான். நூறு பிள்ளைகள் ஓர் இல்லத்தில் இருந்தபோது, அவர்களைப் பார்க்க ஓர் இடத்துக்குப் போனால் போதும். அதே நூறு பேர் வீடு திரும்பிவிட்டால், எண்பது ஊர்களுக்குப் போக வேண்டியிருக்கும். வேலை பல மடங்கு பெருகுகிறது, ஆள் எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. குடும்ப அடிப்படையிலான பராமரிப்பு சிக்கனமானது என்று நினைத்துக்கொண்டு நிதித்துறை இதை வரவேற்குமானால், அந்த நினைப்பை இப்போதே மாற்றிக்கொள்ள வேண்டும். உதவித்தொகை சரியான நாளில் வருவது ஒரு பாதி, தெரிந்த முகம் ஒன்று வாசலுக்கு வருவது மறுபாதி. இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் கொடுத்தால், குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

வருமான வரம்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 72,000 என்றால் மாதம் 6,000, நாளொன்றுக்கு 200 ரூபாய். கூலி வேலைக்குச் செல்லும் பெண் இன்று அதற்கு மேல் வாங்குகிறாள் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவிட்டால், தகுதி போய்விடும். வேலை கிடைக்காத மழைக்கால மாதங்கள் அந்தக் கணக்கில் ஏறாது. 2022இல் வகுத்த இந்த வரம்பை விலைவாசியோடு சேர்த்து உயர்த்துவது அவசரத் தேவை.

சூளைக்குப் போன குடும்பத்தைப் பொறுத்தவரை, அவர்கள் சென்ற மாவட்டத்தின் அலகுக்கும் அங்குள்ள வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். செங்கல் சூளைகளில் இருக்கும் புலம்பெயர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் பணி கல்வித்துறையிடம் இருக்கிறது. குழந்தை கண்ணில் படாமல் போனதை உங்கள் குறிப்பேட்டில் பதிவு செய்து, அலுவலரிடம் கையெழுத்து வாங்குவதும் கட்டாயம். நாளை ஏதேனும் நேர்ந்தால், எந்த இடத்தில் கண்ணி அறுந்தது என்பதற்கு அதுவே சான்று.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு சிறுவனைத் தந்தை குடித்துவிட்டு அடிக்கிறார். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தால் பையனைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் பேசாமல் இருக்கிறோம்.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: உடனே அழையுங்கள். 1996 முதல் தன்னார்வ அமைப்புகளின் துணையோடு இயங்கிவந்த 1098, 2023 முதல் மாநில அரசுகளின் பொறுப்பில் வந்து, 112 அவசர உதவி எண்ணோடும் இணைக்கப்பட்டுள்ளது. அழைத்தவரின் பெயரை வெளியிட மாட்டார்கள்.

பிள்ளையைப் பிரிப்பதுதான் அழைப்பின் முடிவு என்று எண்ண வேண்டாம். உடனடி ஆபத்து இருந்தால் குழந்தையை மீட்டு, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அதன் பிறகு பதினைந்து நாட்களுக்குள் சமூக விசாரணை முடிய வேண்டும். தாய் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளக்கூடியவர் என்றால் குழு அவரிடமே ஒப்படைக்கும். வன்முறை செய்யும் தந்தையை வீட்டைவிட்டு விலக்கிவைக்கக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் இடம் உண்டு, அதற்கு மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் உதவுவார். நீங்கள் பேசாமல் இருப்பதால் அந்தத் தாயும் தனியாகத்தான் இருக்கிறார்.

கேள்வி: எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். இல்லத்தில் இருக்கும் ஒரு பிள்ளையைச் சில ஆண்டுகள் எங்கள் வீட்டில் வளர்க்க விரும்புகிறோம். தத்தெடுக்காமல் இது முடியுமா?
– ஒரு தம்பதி, கோயம்புத்தூர்

பதில்: முடியும். வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில் இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி முழுமையாக உங்களுடையதாகிவிடும். வளர்ப்புப் பராமரிப்பில் பிறந்த குடும்பத்தோடு உள்ள உறவு அறுவதில்லை. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களாய், வந்து பார்க்கவும் ஆள் இல்லாமல் இல்லத்திலேயே வளரும் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் தேவைப்படுகிறது. அவர்களைத் தத்தெடுக்க விரும்புவோரும் குறைவு. 2024இல் வந்த மாதிரி வழிகாட்டு நெறிகளின்படி, 35 முதல் 60 வயது வரையுள்ள தனிநபர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டுகள் வளர்த்த பிறகு, பிள்ளை சட்டப்படி தத்துக்கு உரியவராக இருந்தால், தத்தெடுக்கவும் கேட்கலாம்.

முதலில் உங்கள் மகளிடம் பேசுங்கள், அவளுடைய விருப்பத்தையும் அலுவலர்கள் கேட்பார்கள். வரும் பிள்ளை நன்றி காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் சில மாதங்களில் அது பொருட்களை ஒளித்து வைக்கலாம், சாப்பாட்டைத் தலையணைக்கு அடியில் வைக்கலாம், பொய் சொல்லலாம். ஆற்றுப்படுத்துநரின் தொடர்பை அந்த நாட்களில் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் இல்லத்தில் வளர்ந்தவன். இன்னும் சில மாதங்களில் பதினெட்டு வயது நிறைகிறது. அதன் பிறகு வெளியே போக வேண்டும் என்கிறார்கள். எனக்குப் போக இடம் இல்லை.
– ஒரு மாணவர்

பதில்: தம்பி, பதினெட்டு நிறைந்த அன்றோடு அரசின் பொறுப்பு முடிவதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு பின்காப்பு பற்றியது. இல்லத்திலிருந்து வெளியேறும் இளைஞருக்கு இருபத்தொரு வயது வரையிலும், தனிப்பட்ட தேவை இருந்தால் இருபத்துமூன்று வயது வரையிலும் தங்குமிடம், படிப்பு, தொழிற்பயிற்சி, பண உதவி ஆகியவை கிடைக்க விதிகள் வழி செய்கின்றன. மிஷன் வாத்சல்யாவில் பின்காப்புக்கும் மாதம் 4,000 ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது.

பிறந்தநாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கண்காணிப்பாளரிடம் சொல்லி, பின்காப்பு வேண்டும் என்ற விண்ணப்பத்தை இப்போதே குழுவுக்கு அனுப்பச் செய்யுங்கள். உங்களுடைய தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் விடுவிப்புக்குப் பிந்தைய ஏற்பாடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கக் கேளுங்கள், அது உங்களைப் பற்றிய ஆவணம். வெளியே வரும் முன் ஆதார் அட்டை, பிறப்புச் சான்று அல்லது வயதுச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும் கையில் இருக்க வேண்டும். இவற்றில் ஆதாரில் இல்லத்தின் முகவரியே இருக்கும். தங்கும் இடம் உறுதியாகும்வரை அதை மாற்ற வேண்டாம்.

இருக்கும் இல்லத்திலிருந்து பதில் வராவிட்டால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நீங்களே மனு கொடுங்கள். மனுவில் வயது நிறையும் தேதியை முதல் வரியிலேயே எழுதுங்கள். மனு எண் போட்ட சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு, பத்து நாளில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரை நேரில் சென்று பாருங்கள்.